கட்டர் கார்டு வாங்குறதுக்கு முன்னாடி: தண்ணி எங்க வழியுதுன்னு பாத்து முடிவு பண்ணுங்க

கூரை ஓரத்துல மழைத்தண்ணிய வாங்கி பைப்புக்கு அனுப்புற நீளமான பீலி இருக்குல்ல, அதைத்தான் இங்க கட்டர்னு சொல்றேன். இலை தழை உள்ள விழாம இருக்க அது மேல வலையோ மூடியோ மாட்டுவாங்க, அது கட்டர் கார்டு. இதை போடலாமா வேணாமான்னு கேக்குற பாதி பேருக்கு உண்மையில இலை பிரச்சனையே இல்ல. தண்ணி வழியுது, செவுரு நனையுது, கொசு வருது, யாரோ கார்டு போட்டா சரியாயிடும்னு சொல்லிட்டாங்க, அவ்ளோதான். கார்டு செய்யுற வேலை ஒண்ணே ஒண்ணுதான், மேலருந்து விழுற குப்பைய உள்ள விடாம தடுக்கும். வாட்டம் சரியில்லன்னா அதை சரி பண்ணாது, பைப் அடைச்சிருந்தா எடுத்து விடாது, கட்டர் மாட்டிருக்குற பலகை அழுகிருந்தா அதை நிமித்தாது. அதைவிட மோசம், உள்ள இருக்குற கோளாறு மேல ஒரு மூடி போட்டு மறைச்சிடும், அப்புறம் கண்டுபிடிக்க ரெண்டு வருஷம் ஆகும்.

அதனால முதல்ல ஒரு நல்ல மழையில குடைய எடுத்துட்டு வெளிய வந்து வீட்ட சுத்தி ஒரு பத்து நிமிஷம் நடங்க. எந்த இடத்துல வழியுது, மழை ஆரம்பிச்ச உடனே வழியுதா இல்ல கொஞ்ச நேரம் கழிச்சா, கீழ பைப் வாயில தண்ணி எவ்ளோ வேகமா வருது, இந்த மூணையும் போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கோங்க. மழை நின்ன அப்புறம் ஏணி போட்டு பாக்குறதுல பாதி விஷயம் தெரியாது.

ஏணின்னதும் ஒண்ணு சொல்லிடறேன், ஏணிய கட்டர் மேலயே சாய்க்காதீங்க, தகரம் நசுங்கும், ஏணி சறுக்கும். 4 அடி உயரத்துக்கு 1 அடி கணக்குல கால் தள்ளி இருக்கணும், கீழ ஒருத்தர் புடிச்சுக்கணும், பக்கத்துல கரண்ட் வயர் போகுதான்னு ஏறுறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. ஈரமான கூரைல காலே வைக்காதீங்க.

முன்பக்க விளிம்பு வழியா தண்ணி கொட்டுது

எல்லாரும் கார்டு தேடி ஓடுறது இதுக்குத்தான், ஆனா இந்த ஒரு அறிகுறிக்கு பின்னாடி அஞ்சு காரணம் இருக்கலாம், கொட்டுற இடத்த வச்சே பிரிச்சிடலாம்.

பைப் இறங்குற ஓட்டைக்கு பக்கத்துல மட்டும் கொட்டுதுன்னா அந்த ஓட்டையோ கீழ பைப்போ அடைச்சிருக்கு. அதுக்கு தூரமா, நடுவுல எங்கயோ கொட்டுதுன்னா அந்த இடத்துல கட்டர் தொங்கிடுச்சு, தாங்குற கொக்கி விட்டுருக்கும். கூரையோட ரெண்டு சரிவு சேர்ற பள்ளத்துக்கு நேர் கீழ, அந்த உள்மூலைல மட்டும் கொட்டுதுன்னா அங்க தண்ணி ஓடையா வந்து விழுது, அந்த வேகத்துல கட்டர தாண்டி குதிக்குது. ஆரம்பத்துலருந்தே முழு நீளத்துக்கும் வழிஞ்சா உள்ள குப்பை நிறைஞ்சிருக்கு. உள்ள சுத்தமா இருக்கு, சாதாரண மழைக்கு ஒண்ணும் ஆகல, அடைமழைக்கு மட்டும் வழியுதுன்னா கட்டரோ பைப்போ அந்த கூரைக்கு சின்னது.

பாத்தீங்களா, அஞ்சுல ஒண்ணுக்குத்தான் கார்டு பதில்.

சின்னதான்னு தெரிஞ்சுக்க கணக்கு ரொம்ப சுலபம். 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர் தண்ணி. 100 சதுர மீட்டர் கூரை, ஒரு மணி நேரத்துக்கு 50 மில்லிமீட்டர் வேகத்துல மழைன்னா 5000 லிட்டர், நிமிஷத்துக்கு 80 லிட்டருக்கு மேல, அதாவது 20 லிட்டர் பக்கெட் நாலு ஒவ்வொரு நிமிஷமும் அந்த ஓட்டை வழியா இறங்கியாகணும். ஒரே ஒரு பைப் வச்சிருக்குற நீளமான கட்டர்ல இது திணறும். அப்ப கார்டுக்கு செலவு பண்றத விட இன்னொரு பைப் இறக்குறதோ, 2க்கு 3 இன்ச் பைப்ப எடுத்துட்டு 3க்கு 4 போடுறதோதான் சரி, அந்த மாத்தத்துல மட்டும் பைப்போட வாய் ரெண்டு மடங்கு ஆகுது. வழியுற கட்டர் மேல வலைய போட்டா இன்னும் சீக்கிரம் வழியும், ஏன்னா எந்த வலையா இருந்தாலும் தண்ணி உள்ள போறத கொஞ்சமாவது தாமதப்படுத்தும்.

உள்மூலைல குதிக்குற கேஸுக்கு, அந்த மூலையோட முன்விளிம்புல ஒரு தகரத்த நிமித்தி வச்சு தடுப்பு மாதிரி ஸ்க்ரூ பண்ணுவாங்க, சின்ன வேலை, அதுலயே பெரும்பாலும் அடங்கிடும்.

கட்டர் நிறைய தண்ணி, கீழ பைப்ல சொட்டு சொட்டா வருது

எங்க வீட்டுல நடந்தது இதுதான், அதனால இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஓட்டைக்கு பக்கத்துல வழிஞ்சுட்டே இருந்துச்சு, மேல பாத்தா கொஞ்சம் இலை கெடந்துச்சு, அதை அள்ளிட்டு பிளாஸ்டிக் வலை மாட்டியாச்சு. அடுத்த பெரிய மழைல அதே இடத்துல அதே மாதிரி வழியுது. மறுபடி வலைய கழட்டி, பைப்ப மேல வளைவோட பிரிச்சு எடுத்து கீழ வச்சு உள்ள டார்ச் அடிச்சா, ஜாயின்ட்ல பைப்ப சேக்க வெளியருந்து அடிச்ச ஸ்க்ரூவோட முனை ஒரு அரை இன்ச்சுக்கு உள்ள நீட்டிட்டு நிக்குது. அதுல விரல் நீளத்துக்கு ஒரு குச்சி குறுக்க மாட்டிருக்கு. அந்த குச்சில நாலஞ்சு இலைக்காம்பு, காம்புல விதையோட பஞ்சு, அது மேல கூரைலருந்து வந்த பொடி மணல், எல்லாம் சேந்து ஈரத்துல இறுகி ஒரு கார்க் மாதிரி ஆகிருச்சு, கையால புடிச்சு இழுத்தா முழுசா ஒரே கட்டியா வருது, பைப்போட வடிவத்துலயே. இது ஒருநாள்ல வந்த அடைப்பு இல்ல, மேல வலை போட்டாலும் பொடி உள்ள போயிட்டேதான் இருக்கும், அந்த முனை இருக்குற வரைக்கும் மறுபடி அடைக்கும். நீள ஸ்க்ரூவ எடுத்துட்டு குட்டை ஸ்க்ரூ போட்டோம், அதோட நின்னுச்சு.

அதனால இந்த அறிகுறி இருந்தா மேல எதையும் மூடாதீங்க, முதல்ல பைப்ப பாருங்க. வெளியருந்தே தட்டி பாருங்க, காலி இடத்துல கணீர்னு கேக்கும், அடைச்ச இடத்துல மொத்தையா கேக்கும். பெரும்பாலும் மேல இருக்குற வளைவுலதான் இருக்கும். ஹோஸ மேல வாய்ல விட்டு வேகமா அடிச்சா சிலசமயம் இன்னும் இறுகிடும், கீழருந்து மேல நோக்கி ஹோஸ விட்டு தள்ளுறது நல்லது, இல்லன்னா வளைவ கழட்டிடுங்க, ரெண்டு மூணு ஸ்க்ரூதான். பைப் மண்ணுக்குள்ள போற மாதிரி இருந்தா, தரைக்கு மேல ஒரு இடத்துல கழட்டி விட்டு ஹோஸ் அடிச்சு பாருங்க, அங்க தண்ணி நல்லா கொட்டுனா அடைப்பு மண்ணுக்கு அடியில, அது வேற வேலை.

இன்னொண்ணு, ஓட்டை இருக்குற இடத்துல விரல விட்டு தடவி பாருங்க. ஓட்டைக்கு போட்ட வளையத்தோட விளிம்பு கட்டர் தரைய விட மேல தூக்கிட்டு இருந்தா அதுவே ஒரு குட்டி அணை, அது பின்னாடி சேறு தேங்கும்.

கட்டருக்கு பின்னாடி வழியா செவுத்துல இறங்குது

இதுக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்ல. கூரையோட கடைசி விளிம்புல தண்ணிய கட்டருக்குள்ள விழ வைக்க ஒரு தகர மடிப்பு இருக்கணும், அது இல்லன்னாலோ குட்டையா இருந்தாலோ தண்ணி விளிம்புல ஒட்டிட்டே பின்பக்கமா திரும்பி பலகைல இறங்கும். இல்லன்னா கட்டரே பலகைய விட்டு முன்னாடி சாஞ்சிருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால கட்டருக்கு பின்னாடி இருக்குற பலகைய அழுத்தி பாருங்க, கேக் மாதிரி உள்ள இறங்குச்சுன்னா பலகை போயிடுச்சு. அழுகுன பலகைல எந்த கொக்கியும் நிக்காது, கார்டோட எடையும் அது மேல சேரும் குப்பையோட ஈர எடையும் ஏறுனா மொத்தமா சரிஞ்சு வரும். பலகை, தகர மடிப்பு, கொக்கி, இந்த வரிசைல சரி பண்ணிட்டு அப்புறம் பேசலாம். கொக்கி ரெண்டு அடிக்கு ஒண்ணாவது இருக்கணும்.

சில கார்டு ஷிங்கிளுக்கு, அதாவது சில கூரைல ஓடு மாதிரி வரிசையா அடுக்கி ஒட்டுற தார் அட்டைக்கு, அடியில சொருகுற மாதிரி வரும். ஷிங்கிள் வரிசைல ஒண்ண ஒண்ணு ஒட்டி வச்சிருக்குற தார் பட்டை இருக்கு, சொருகும்போது அதை கிழிச்சுட்டா காத்துக்கு ஷிங்கிள் தூக்கும். கார்டு போட்ட அப்புறம் பின்னாடி ஒழுக ஆரம்பிச்சுச்சுன்னா முதல் சந்தேகம் இது மேலதான் வரணும். கூரைக்கு வாரண்டி இருந்தா, ஷிங்கிள தூக்கலாமா, ஆணி அடிக்கலாமான்னு கூரை போட்டவங்ககிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

மழை நின்னு மூணு நாள் ஆகியும் உள்ள தண்ணி நிக்குது, கொசு

வாட்டம். 10 அடிக்கு கால் இன்ச்சாவது ஓட்டை பக்கமா இறங்கணும். ஒரு கோப்பை தண்ணிய ஓட்டைக்கு எதிர் ஓரத்துல ஊத்தி எங்க போய் நிக்குதுன்னு பாருங்க, லெவல் கருவியெல்லாம் தேவையில்ல, தண்ணியே காட்டிக் குடுக்கும். நிக்குற இடத்துல கொக்கிய ஏத்தி மாட்டணும். லேசா ஈரம் மினுமினுன்னு இருக்குறது பரவால்ல, விரல் முனை முங்குற அளவு நின்னா சரி பண்ணியே ஆகணும், டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்கு முட்டைலருந்து பறக்குற வரைக்கும் சூடான காலத்துல ஒரு வாரம், பத்து நாள் போதும். இதுக்கு வலை போட்டா கொசு நின்னுடும்னு நினைக்காதீங்க, பெரிய கண் வலைல கொசு தாராளமா போகும் வரும், உங்களுக்குத்தான் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம போயிடும்.

வாட்டம் சரி, பைப் சரி, ஆனா திரும்ப திரும்ப குப்பை நிறையுது

இப்பதான் கார்டு பத்தி பேசுற இடத்துக்கு வந்திருக்கோம்.

க்ளவுஸ் போட்டுட்டு கட்டர்ல மூணு நாலு இடத்துலருந்து ஒரு ஒரு பிடி அள்ளி ஒரு பழைய பேப்பர்ல பரப்புங்க. காய விட்டு பிரிச்சு பாருங்க. எந்த கார்டு வாங்கணும்னு கடைக்காரர விட இந்த பேப்பர் நல்லா சொல்லும்.

உள்ளங்கை அளவு இலையா நிறைய இருந்தா அலுமினியத்துல ஓட்டை போட்ட தகடு மாதிரி வர்ற கார்டு போதும், தண்ணிய நல்லா வாங்கும், ஏறி மிதிக்காம இருந்தா ரொம்ப நாள் வரும். ஊசி மாதிரி இலையோ புளிய இலை மாதிரி பொடி இலையோ இருந்தா அந்த ஓட்டைல செங்குத்தா இறங்கி நின்னுடும், அதுல மத்ததெல்லாம் மாட்டும், அதுக்கு மைக்ரோ மெஷ்னு சொல்ற, ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியான கண் இருக்குற ஸ்டீல் வலைதான். பூ, மகரந்தம், பஞ்சு விதை அதிகமா இருந்தாலும் மைக்ரோ மெஷ்தான், ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது மேல பிரஷ் போட்டு தேய்க்கணும், இதை யாரும் விக்கும்போது சொல்ல மாட்டாங்க.

பேப்பர்ல கருப்பா சொரசொரன்னு மணல் மாதிரி நிறைய இருந்தா அது ஷிங்கிள் மேல ஒட்டிருக்குற பொடி. புதுசா போட்ட கூரைன்னா ஆரம்பத்துல கொட்டும், கவலை வேணாம். பழைய கூரைன்னா ஷிங்கிள் தேஞ்சுட்டு வருதுன்னு அர்த்தம், இன்னும் கொஞ்ச வருஷத்துல கூரையே மாத்த வேண்டி வரும், அப்ப கார்ட பிச்சு எடுத்துட்டுத்தான் வேலை செய்வாங்க. இப்ப காச போடாதீங்க, கூரையோட சேத்து பண்ணிக்கலாம்.

கட்டர்ல செடியே முளைச்சிருக்கா? அப்ப மண்ணு சேர விட்டு ரொம்ப நாளாச்சு. வேரோட புடுங்குங்க, வேர் ஜாயின்ட்டுக்குள்ள போயிருந்தா, ஒழுகாம இருக்க அங்க பூசுன சீலன்ட் பசைய சுரண்டி புதுசா போடுங்க.

மத்த வகை பத்தி என் அபிப்பிராயம் நேராவே சொல்லிடறேன். ஸ்பாஞ்ச் மாதிரி உள்ள அடைக்குறது வேணவே வேணாம், அதோட கண்ணுக்குள்ள பொடி மண்ணு இறங்கி ஈரமா நிக்கும், விதை விழுந்தா அதுலயே முளைக்கும், நாத்தங்கால் மாதிரி ஆயிடும். பாட்டில் பிரஷ் மாதிரி நீளமா வர்றது போடவும் எடுக்கவும் சுலபம், ஆனா முள்ளுல இலை மாட்டிக்கும், இலைய எடுக்குற வேலை குறையாது, கட்டர்லருந்து எடுக்குறதுக்கு பதிலா பிரஷ்லருந்து எடுப்பீங்க. பிளாஸ்டிக் வலை வெயில்ல மொறுமொறுன்னு ஆகி நொறுங்கும், காத்துக்கு தூக்கும். காட்டுத்தீ பயம் இருக்குற இடத்துல பிளாஸ்டிக்க நினைக்கவே கூடாது, பறந்து வர்ற தீப்பொறி காஞ்ச இலைல விழுந்தா பத்திக்கும், அங்க உலோகம்தான், அதுலயும் மேல நிக்குற இலைய அப்பப்ப தள்ளணும். முன்பக்கம் உருண்டையா வளைஞ்ச முழு மூடி வகைல, தண்ணி அந்த வளைவுல ஒட்டிட்டு திரும்பி சின்ன இடுக்கு வழியா உள்ள போகும், இலை வெளிய விழுந்துடும், மிதமான மழைக்கு அழகா வேலை செய்யும், செங்குத்தான கூரைல அடைமழை பெஞ்சா தண்ணி வளைவுல ஒட்டாம நேரா தரைக்கு பாயும். அந்த இடுக்குலயும் சின்ன இலை போகும், மூடிய கழட்டாம எடுக்க முடியாது.

எதை போட்டாலும் ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, கார்டு கூரையோட சரிவ ஒட்டி கொஞ்சமாவது முன்னாடி சாஞ்சிருக்கணும், மட்டமா படுத்திருந்தா இலை அது மேலயே உக்காந்து ஈரத்துல ஒட்டிக்கும், சாஞ்சிருந்தா காஞ்சதும் காத்து தள்ளிடும். ரெண்டு, கட்டர் என்ன உலோகமோ அதுக்கு ஒத்துப்போற உலோகமா இருக்கணும், அலுமினிய கட்டர் மேல செம்பு வலை போட்டா ஈரத்துல அலுமினியம் அரிச்சுப் போயிடும்.

யாருக்கு தேவையே இல்லன்னா, ஒரு மாடி வீடு, பக்கத்துல ஒண்ணு ரெண்டு மரம், வருஷத்துக்கு ரெண்டு தடவ பத்திரமா ஏறி அள்ள ஆள் இருக்கு, அப்ப கார்டு வேணாம், மரக்கிளைய கூரைய விட்டு தள்ளி வெட்டி விடுங்க, அதுலயே குப்பை பாதியா குறையும். ரெண்டு மாடி உயரம், செங்குத்தான கூரை, மேலயே கவிஞ்ச மரம், வீட்டுல வயசானவங்க ஏணில ஏறுறாங்கன்னா தயங்காம போடுங்க. இங்க கார்டோட லாபம் சுத்தம் பண்ற வேலை குறையுறது மட்டும் இல்ல, ஏணி ஏறுற எண்ணிக்கை குறையுது, அது பெரிய விஷயம். வெறும் ஓட்டை வாய்ல பலூன் மாதிரி கம்பி வடிகட்டி மட்டும் வைக்கலாமான்னு கேப்பாங்க, பைப்ப காப்பாத்தும், ஆனா வடிகட்டிய சுத்தி இலை மொச்சுடுச்சுன்னா கட்டர் முழுக்க வழியும், ஏறி எடுக்க முடியுற வீட்டுக்குத்தான் அது.

கார்டு போட்டாச்சு, இப்ப தண்ணி கார்டு மேலயே ஓடி கீழ விழுது

மைக்ரோ மெஷ்ல இது அடிக்கடி வரும். கூரை ஷிங்கிள்லருந்து வர்ற எண்ணெய்ப் பசையும் மகரந்தமும் தூசியும் சேந்து கண்ணுல மெல்லிசா படலம் கட்டிடும், பாத்தா வலை சுத்தமாத்தான் தெரியும். ஒரு கோப்பை தண்ணிய மெதுவா ஊத்துங்க, உள்ள இறங்காம கண்ணாடி மேல ஓடுற மாதிரி ஓடுச்சுன்னா படலம்தான். சோப்புத்தண்ணி, மெத்துன்னு ஒரு பிரஷ், தேய்ச்சு ஹோஸ்ல கழுவுங்க, மறுபடி கோப்பை டெஸ்ட். கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சு வலைய கெடுக்காதீங்க.

பள்ளத்துக்கு கீழ மட்டும் பாயுதுன்னா முன்னாடி சொன்ன தடுப்புத் தகரம்தான். ஹோஸ்ல அடிச்சு பாத்தா எல்லாம் சரியா இருக்கு, மழைல மட்டும் வழியுதுன்னு குழம்பாதீங்க, வீட்டு ஹோஸ்ல வர்ற தண்ணிய விட அடைமழைல வர்றது பல மடங்கு, ஹோஸ் டெஸ்ட்ல அடைப்பு தெரியும், கொள்ளளவு தெரியாது.

ராத்திரில உள்ள சரசரன்னு சத்தம் கேட்டா ரெண்டு முனையையும் பாருங்க, முழு மூடி வகைல முனை திறந்திருந்தா குளவி, குருவி, எலி குடி வந்துடும், முனை மூடி போடணும், குளவிக் கூடு இருந்தா நீங்களே கை வைக்காதீங்க.

பனி பெய்யுற இடத்துல கட்டர் ஓரமா ஐஸ் கட்டி தொங்குறதுக்கு கார்டு தீர்வு இல்ல. வீட்டுக்குள்ள இருக்குற சூடு கூரைக்கு ஏறி மேல பனிய உருக்குது, அது ஓரத்துல வந்து மறுபடி உறையுது, பரண்ல இன்சுலேஷனும் காத்தோட்டமும் சரி பண்ணணும்.

மாட்டும்போது

"ஆயுசுக்கும் க்ளீன் பண்ண வேணாம்"னு சொல்றவங்ககிட்ட, பகுதி பகுதியா கழட்ட முடியுமா, கூரைல ஆணி போகுமா, அடைச்சா யார் வந்து எடுப்பாங்க, அதுக்கு தனி காசான்னு கேளுங்க. கழட்டவே முடியாம ரிவெட் அடிக்குற கார்டு எவ்ளோ நல்லதா இருந்தாலும் நான் வேணாம்னுதான் சொல்லுவேன். மாட்டுறதுக்கு முன்னாடி கட்டர முழுசா கழுவி, ஜாயின்ட் ஒழுகுதான்னு பாத்து, பைப் வாயில தண்ணி திடுதிடுன்னு கொட்டுறத கண்ணால பாத்த அப்புறம்தான் முதல் துண்ட வைக்க சொல்லணும். கொட்டுற தண்ணி அஸ்திவாரத்த விட்டு 4லருந்து 6 அடியாவது தள்ளிப் போகுதான்னும் அப்பவே பாத்துக்கோங்க. பைப் ஓட்டைக்கு மேல வர்ற துண்ட மட்டும் ரெண்டு ஸ்க்ரூவுல கழட்டுற மாதிரி விட சொல்லுங்க, வருஷத்துக்கு ஒருதடவ, பெரிய மழை காலத்துக்கு முன்னாடி, அதை மட்டும் தூக்கி டார்ச் அடிச்சு உள்ள சேறு எவ்ளோ படிஞ்சிருக்குன்னு பாருங்க, ஒரு விரல் கனத்துக்கு மேல இருந்தா அந்த ஓரத்துலருந்து ஹோஸ் அடிச்சு தள்ளிட்டு மறுபடி மூடிடலாம்.